ஐஎல்ட்ஸ் ரைட்டிங்: ரப்பர் பால் படம்தான் வந்தது, அப்படியும் 5.5. எங்கே தப்பு?

சிப்புட் நர்ஸ்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தில் வேலைக்குப் பதிய ஐஎல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வின் ரைட்டிங்கில் 6.5 வேண்டும், மற்ற மூன்றிலும் 7. அந்த மூன்றும் வந்துவிட்டன. ரைட்டிங் மட்டும் இரண்டு தடவையும் 6-லேயே நின்றுவிட்டது. அடுத்த மாதம் மறுபடி உட்காருகிறேன்.

கிராஃப், டேபிள் வந்தால் எழுதிவிடுவேன். ஒன்று எப்படி உருவாகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் புரோசஸ் படம் வந்தால்தான் கை நடுங்குகிறது. போன வாரம் பயிற்சிக்கு எடுத்த படம், ரப்பர் பால் ஷீட்டாகும் ஏழு கட்டம். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் மரம் வெட்டினவர். பள்ளி விடுமுறையில் நானும் பின்னாலேயே போய் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், துடைத்திருக்கிறேன். எழுதி முடித்தபோது 212 சொல், 31 நிமிடம். டியூசன் டீச்சர் 5.5 போட்டு, "படத்தில் இல்லாதது நிறைய, ஓவர்வியூ இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஓவர்வியூ என்றால் முழுப் படத்தையும் சுருக்கிச் சொல்லும் வாக்கியம்.

என் ஆரம்பம் இப்படி: "எர்லி மார்னிங் தே கட் த ட்ரீ பிகாஸ் த மில்க் ஃப்ளோஸ் வெல் வென் இட் இஸ் கூல். தென் தே வெயிட். தென் தே கலெக்ட் த மில்க்." விஷயத்தில் ஒன்றும் தப்பில்லையே? யாராவது விளக்குங்கள்.

கங்சார் வாத்தியார்:
அம்மா, விஷயம் சரிதான். விடியற்காலையில் பால் நன்றாக வடியும் என்பது உண்மை. ஆனால் படத்தில் கடிகாரமோ சூரியனோ இருந்ததா? இல்லையென்றால் அதை எழுத உனக்கு அனுமதியில்லை. படத்தை விவரிக்கும் முதல் கேள்வியான டாஸ்க் 1 உன் அறிவைக் கேட்கவில்லை, படத்தில் இருப்பதைக் கேட்கிறது. 1877-ல் எங்கள் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நான் தினமும் அதைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். ரப்பர் படம் வந்தால் எனக்கும் அதை எழுதத்தான் கை போகும். எழுதினால் மார்க் போய்விடும். தெரிந்த படம் வரும்போதுதான் நம் பிள்ளைகள் அதிகம் தவறுகிறார்கள், வகுப்பில் பல தடவை பார்த்திருக்கிறேன். விடை எழுதியபின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டு. விரல் போக இடமில்லாத வாக்கியத்தை அடித்துவிடு.

அடுத்தது, "கட் த ட்ரீ". நம் பேச்சில் மரம் வெட்டுவது என்றால் பால் வெட்டுவது. ஆங்கிலத்தில் படிப்பவர் மரத்தையே சாய்த்துவிட்டார்கள் என்று நினைப்பார். அதற்கு "டேப்" என்ற சொல் இருக்கிறது. "மில்க்" வேண்டாம், "லேட்டக்ஸ்". படத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கேள்வி வாக்கியத்தை மட்டும் அப்படியே நகல் எடுக்காதே.

செம்பனை தம்பி:
அக்கா, உங்க வாக்கியத்துல "தே, தே, தே"னு வருது பாருங்க, அது நம்ம வீட்டுப் பேச்சு. "பால வடிகட்டுவாங்க, தட்டுல ஊத்துவாங்க"னு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம். யாருன்னு நாம கேக்குறதில்ல, "வாங்க" போட்டா போதும். அத அப்படியே மாத்துனா "தே" வந்துடும். புரோசஸ் படத்துல யார் செய்றாங்கன்றது முக்கியமில்ல, பொருளுக்கு என்ன ஆவுதுன்றதுதான். பாலத் தூக்கி வாக்கியத்துக்கு முன்னால வைங்க: "த லேட்டக்ஸ் இஸ் ஸ்ட்ரெய்ண்ட்", "த லேட்டக்ஸ் இஸ் போர்ட் இன்டு ட்ரேஸ்". நான் இதுக்காகவே அம்மா சமைக்கிறப்போ பக்கத்துல நின்னு, வெங்காயம் நறுக்கப்படுது, கடுகு தாளிக்கப்படுதுன்னு மனசுக்குள்ளயே ஆங்கிலத்துல சொல்லிப் பார்ப்பேன். ரெண்டு வாரத்துல வாய்க்கு வந்துடுச்சு.

கங்சார் வாத்தியார்:
தம்பி சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தானாக நடப்பதற்குச் செயப்பாட்டு வினை தேவையில்லை. பால் தானே மங்குக்குள் வடிகிறது, அதற்கு "ஃப்ளோஸ்". வண்ணத்துப்பூச்சி, தவளை போன்ற வாழ்க்கைச் சுழற்சிப் படம் வந்தால் முழுக்க முழுக்க அப்படித்தான். முட்டை பொரிக்கப்படுவதில்லை, பொரிகிறது.

சிப்புட் நர்ஸ்:
ஐயா, "வெட்டு" விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஓவர்வியூவில் என்ன எழுதுவது? முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் சொன்னால் போதுமா?

பினாங்கு மாணவி:
அக்கா, அது குறைந்தபட்சம். கட்டம் எத்தனை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். முடிந்தால் படத்தின் பெரிய திருப்பத்தையும் சொல்லுங்கள். உங்கள் படத்தில் அமிலம் சேர்க்கும் கட்டத்தில்தானே பால் கெட்டியாகிறது? அதற்கு முன் திரவம், பின் ஷீட். ஓவர்வியூவில் இதைச் சொல்லிவிட்டால், உடல் பத்திகளையும் அதே இடத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். "தென், தென்" தானாகவே குறையும். ஓவர்வியூ இல்லாமல் கேட்டதை எழுதினோமா என்று பார்க்கும் டாஸ்க் அச்சீவ்மெண்ட் மதிப்பெண்ணில் 5-ஐத் தாண்டுவது கடினம், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும். முடிவுரை, சொந்தக் கருத்து இரண்டும் வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். 31 நிமிடம் மிக அதிகம். மொத்தம் 60 நிமிடத்தில் டாஸ்க் 1-க்கு 20 நிமிடம், 150 சொல்லுக்குக் குறையாமல். கட்டுரை எழுதும் டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு மதிப்பு. நீங்கள் கூடுதலாக எடுத்த 11 நிமிடம் அங்கிருந்து போனது. எனக்கு 170 சொல்லில் நிறுத்துவது ஒத்து வந்தது. கம்ப்யூட்டரில் எழுதினால் எண்ணிக்கை திரையிலேயே தெரியும்.

செம்பனை தம்பி:
ஒரு சந்தேகம். செம்பனை ஆலை படத்துல பழத்த ஆவியில வேகவச்சு, பிழிஞ்சதுக்கு அப்புறம் ரெண்டா பிரியும், எண்ணெய் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். மாத்தி மாத்தி எழுதணுமா?

கங்சார் வாத்தியார்:
வேண்டாம். எண்ணெய்க் கிளையைக் கடைசிவரை முடி. பிறகு "மீன்வைல்" என்று தொடங்கிக் கொட்டைக்கு வா. இரண்டாகப் பிரிகிறது என்பதை ஓவர்வியூவிலேயே சொல்லிவிடு.

சிப்புட் நர்ஸ்:
நைட் டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து மறுபடி எழுதினேன். 168 சொல், 21 நிமிடம். விரல் வைத்துப் பார்த்ததில் நான்கு வாக்கியம் போய்விட்டது. அதில் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டின் வாசனை பற்றிய ஒன்றும் போனது, அதுதான் மனசு கேட்கவில்லை. ஓவர்வியூ: "ஓவரால், தேர் ஆர் செவன் ஸ்டேஜஸ், ஃப்ரம் த டேப்பிங் ஆஃப் ட்ரீஸ் டு த பேக்கிங் ஆஃப் ஷீட்ஸ், அண்ட் த லிக்விட் பிகம்ஸ் சாலிட் ஆஃப்டர் ஆசிட் இஸ் ஆடட்." அடுத்த பத்தி: "ஃபர்ஸ்ட், த ட்ரீஸ் ஆர் டேப்ட். ஒன்ஸ் த லேட்டக்ஸ் ஆர் கலெக்டட், இட் இஸ் ஸ்ட்ரெய்ண்ட்." முழு விடையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

கங்சார் வாத்தியார்:
ஓவர்வியூ நன்றாக வந்திருக்கிறது, கை வைக்க வேண்டாம். லேட்டக்ஸ் தண்ணீரைப் போல எண்ண முடியாதது, அதற்கு "இஸ்". மரங்களுக்கும் ஷீட்களுக்கும் "ஆர்". அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், "டேப்ட்" என்பதை ஒரே "பி" போட்டு எழுதியிருக்கிறாய். இரண்டு "பி" வேண்டும். ஒன்றோடு நின்றால் மரத்துக்கு நீ வார்டில் ஒட்டும் பிளாஸ்டர் டேப்பை ஒட்டியதாக ஆகிவிடும்.