கொடைக்கானலில் நாயோடு நடக்க எந்தப் பாதை?

வைகைக்கரை:
ஜனவரி மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து காரில் கொடைக்கானல் வருகிறோம், நான்கு நாள் தங்கல். கூடவே இரண்டு நாய்கள். ஒன்று 32 கிலோ லேப்ரடார், இன்னொன்று 20 கிலோ சிப்பிப்பாறை. தினமும் காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கலாம் என்று நினைக்கிறோம். மலை, மரம், கொஞ்சம் சோலை இருந்தால் நல்லது. எந்தப் பாதைக்கு நாயைக் கூட்டிப்போகலாம், எங்கே கூடாது? அவிழ்த்துவிட்டு ஓடவிட ஏதாவது இடம் இருக்கிறதா? தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. வேறென்ன கையோடு எடுத்துவர வேண்டும்?

வில்பட்டி ரோடு:
அவிழ்த்துவிட இடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தங்கியிருக்கும் காம்பவுண்டுக்குள், கேட் சாத்தியிருந்தால் மட்டும் விடுங்கள்.

மலையின் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. பேரிஜம் ஏரிப் பக்கம் அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியே போகாது, நாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாம்பே சோலை, டைகர் சோலை மாதிரி ஊரை ஒட்டிய சோலைகளில் யாரும் தடுக்கவில்லை என்பதற்காக உள்ளே இறங்காதீர்கள். சட்டப்படி, நாயை விட்டு ஒரு கேளையாட்டை விரட்டினாலும் அது வேட்டைக் கணக்கில்தான் வரும். அதைவிட முக்கியம், சோலைக்குள் பத்தடிக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு முதலில் வாடை தெரியும், குரைக்கும், அதற்குப் பிறகு எதுவும் உங்கள் கையில் இல்லை. சோலையை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு ரோட்டில் நடப்பதே போதும், அதுவே நல்ல நடைதான்.

ஏரியைச் சுற்றிய ரோடு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், தரை சமம். முதல் நாள் அதையே வையுங்கள், 2,100 மீட்டர் உயரத்துக்கு நாயும் பழக வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். அதற்குமேல் குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிள்களும் வந்துவிடுவார்கள். குதிரையின் பின்னங்காலுக்குப் போய் முகரும் நாய் உதை வாங்கும்.

இரண்டாம் நாள் அப்சர்வேட்டரி ரோடு. 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் 2,343 மீட்டரில் இருக்கிறது. ஏரியிலிருந்து ஏற்றம் நன்றாகவே இருக்கும். லேப்ரடார் குண்டாக இருந்தால் பாதியில் திருப்பிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வில்பட்டிப் பக்கம். படிப்படியாகக் கேரட், உருளை, பூண்டுக் காடுகள், நடுவே மரங்கள், வண்டி குறைவு. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அதனால் தெம்பு இருக்கும்போதே திரும்ப வேண்டும். ரோட்டை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். மருந்தடித்த பயிர், பன்றிக்குப் போட்ட மின்வேலி இரண்டுமே நாயைக் கொல்லும். தோட்டத்துக் காவல் நாய்கள் அவிழ்ந்தே திரியும். ஒரு குடை வைத்திருந்து முகத்துக்கு நேரே பட்டென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கும்.

வட்டக்கானலில் ஊர் வரைக்கும் சரி. அங்கிருந்து டால்பின் நோஸ் இறக்கம் முழுக்க வேரும் பாறையுமாக இருக்கும், முடிவில் பள்ளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பாறை. சிப்பிப்பாறைக்கு அது வேண்டவே வேண்டாம். அது கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய், எதிரே ஒரு குரங்கு தாவினால் விளிம்பு எங்கே என்று பார்க்காது. வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் பாதையும் வேண்டாம். மன்னவனூர்ப் புல்வெளியைப் படத்தில் பார்த்து ஆசைப்படுவீர்கள். அங்கே ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, நாயைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கால்நடைக்காரன்:
பாதையைப் பற்றி மேலே நண்பர் சொன்னதே போதும். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறிநோய் ஊசி ஒரு வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்திருக்க வேண்டும். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசி உங்கள் நாய்க்காக மட்டுமல்ல. நம் நாய்களிடமிருந்து அந்த நோய் செந்நாய்க் கூட்டத்துக்குப் போனால் கூட்டமே அழியும், அதற்கு யாரும் ஊசி போட முடியாது.

உண்ணி மருந்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். மாத்திரை வகை, உண்ணி கடித்து ரத்தம் குடித்த பிறகே அதைக் கொல்லும். ஆகவே மாத்திரை கொடுத்தாலும் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், வால் அடி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் உண்ணி வயிற்றில் இருப்பதைப் புண்ணுக்குள் கக்கும். ஊர் திரும்பி மூன்று வாரம் வரை கவனியுங்கள். காய்ச்சல், சாப்பாடு வேண்டாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், இதில் எது வந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஜனவரியில் அட்டை குறைவு, ஆனால் ஓடை ஓரத்தில் இருக்கும். உப்பைத் துணியில் முடிந்து தொட்டால் விழுந்துவிடும், அல்லது நகத்தைச் சரித்து வாய்ப்பக்கம் தள்ளுங்கள். மனிதர்கள் காலில் தேய்க்கும் புகையிலையையும் சுண்ணாம்பையும் நாய்க்குத் தேய்க்காதீர்கள். நாய் நக்கும், நிக்கோட்டின் விஷம், சுண்ணாம்பு நாக்கை வேகவைக்கும்.

இன்னொரு அட்டை இருக்கிறது, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். தேங்கிய ஓடை நீரைக் குடிக்கும்போது பொடியாக மூக்குக்குள் ஏறி, அங்கேயே வாரக்கணக்கில் வளரும். ஓயாத தும்மல், ஒரே பக்க மூக்கில் ரத்தம் என்றால் அதைச் சந்தேகியுங்கள். நாயைக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை மூக்கடியில் பிடித்தால் சில நேரம் தலை நீட்டும். கையால் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள். அதனால் ஓடையில் குடிக்க விடாதீர்கள். இரண்டு நாய்க்கும் சேர்த்து மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில் தண்ணீர் சுமக்க வேண்டும்.

ரோட்டோரத்தில் மணி மணியாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவைக் கடிக்க விடாதீர்கள். கடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

அந்த மாதம் விடிகாலையில் உறைபனி உண்டு. சிப்பிப்பாறைக்கு முடியும் இல்லை, கொழுப்பும் இல்லை. வயிறு வரை மூடும் கோட் போடுங்கள். லேப்ரடார் நனைந்தால் காதைத் துடைத்து உலர்த்துங்கள், ஈரக் காதுதான் அதற்குச் சீழ் வைக்கும்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. காட்டுமாடு எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? சிலர் கயிற்றை விட்டுவிடச் சொல்கிறார்கள், சிலர் விடவே கூடாது என்கிறார்கள்.

வில்பட்டி ரோடு:
இரண்டும் சரிதான், எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. தூரத்தில் பார்த்தால் விடவே கூடாது. அவிழ்ந்த நாய் போய்க் குரைக்கும், மாடு திரும்பும், நாய் பாதுகாப்புத் தேடி உங்களிடமே ஓடிவரும், பின்னால் மாடும் வரும். இங்கே ஆட்கள் அடிபடுவதில் இதுவும் ஒரு வழி. ஐம்பது மீட்டருக்கு முன்பே நின்று, கயிற்றைச் சுருட்டி நாயை உங்கள் பின்னால் கொண்டுவந்து, முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். மாடு விலாவைக் காட்டிப் பக்கவாட்டில் நின்று சீறினால் அது எச்சரிக்கை. அங்கேயே நின்று போட்டோ எடுக்கக் கூடாது. கன்று ரோட்டின் ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்றால் நடுவே போகாமல் திரும்பிவிடுங்கள்.

பாய்ந்தே விட்டால் கயிற்றை விடுங்கள். நாய் ஓடிப் பிழைக்கும், நீங்கள் பிழைக்க மாட்டீர்கள். சுவரோ காரோ தடித்த மரமோ, அதன் பின்னால் போங்கள். இதற்காகத்தான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இடுப்பில் கட்டும் வகையும் கூடாது. ஆறடி சாதாரணக் கயிறு, நெஞ்சில் மாட்டும் ஹார்னஸ், கழுத்துப்பட்டையில் போன் நம்பர். இழுத்தால் நீளும் வகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாய் பிடியுங்கள், ஒருவர் கையில் இரண்டும் வேண்டாம்.

மாலை ஐந்துக்கு மேல் நடக்க வேண்டாம். மாடு மேய வருவதும் சிறுத்தை இறங்குவதும் அப்போதுதான், சிறுத்தைக்கு நாய் என்றால் பிடித்தமான இரை. இரவில் கட்டாயம் அறைக்குள்ளேயே படுக்க வையுங்கள், திண்ணையில் கட்டாதீர்கள். மூத்திரத்துக்கு வெளியே விடும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கூடவே போங்கள்.

பூண்டுக்காடு:
ஒரு பொருளை யாரும் சொல்லவில்லை: கட்டிங் பிளையர். காட்டோரத்தில் பன்றிக்கு பிரேக் வயரில் சுருக்கு வைப்பது சட்டவிரோதம் என்றாலும் நடக்கிறது. நாய் மாட்டினால் இழுத்து இழுத்து இறுக்கிக்கொள்ளும். முதலில் துண்டால் வாயைக் கட்டுங்கள், வலியில் உங்களையே கடிக்கும். பிறகு கம்பி கட்டியிருக்கும் முளைப்பக்கமாக நாயைத் தள்ளினால் சுருக்கு தளரும், அப்போது வெட்டுங்கள். இடுப்பில் இறுகியிருந்தால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலத்தைக் காகிதத்தில் எடுத்து மூடிய டப்பாவில் அறைக்குக் கொண்டுவாருங்கள். இங்கே ஓடும் ஓடை எல்லாம் கீழே யாரோ குடிக்கும் தண்ணீர்.

கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். மலைப்பாதை வளைவில் நாய் வாந்தி எடுக்கும். ஏறுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வத்தலக்குண்டில் இறக்கி நடக்கவிட்டு, தண்ணீர் மட்டும் கொடுத்துப் பிறகு ஏறுங்கள்.