கீமோல கேட்ட பாட்டை இப்ப கேட்டாலே அம்மாவுக்கு குமட்டுது, பாட்டையே நிறுத்திடணுமா?

தஞ்சாவூர் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டு இருக்கு. ஏசின்னு சொல்றாங்களே அந்த செவப்பு மருந்து, மூணு வாரத்துக்கு ஒருதடவை, அது நாலு முடிஞ்சதும் வாராவாரம் பாக்லிடாக்சல். அம்மா சின்ன வயசுலேர்ந்தே பி.சுசீலா பைத்தியம், அடுப்படில பாட்டு ஓடலைனா எங்க வீட்ல குழம்பு கொதிக்காது. மருந்து ஏத்தறப்ப கேக்கட்டும்னு அவங்களுக்கு உயிரான பாட்டா பாத்து போன்ல ஏத்திக் குடுத்தேன். முதல் தடவை கண்ணை மூடிட்டு வாய்க்குள்ளயே கூடப் பாடினாங்க, பக்கத்து பெட் அம்மா கூட கொஞ்சம் சத்தமா வைங்கன்னு கேட்டாங்க. ரெண்டாவது தடவைதான் வாந்தி ரொம்ப ஜாஸ்தி. இப்ப என்னன்னா போன வாரம் பக்கத்து வீட்டு டிவில அதுல ஒரு பாட்டு வந்துச்சு, சட்னி அரைச்சுட்டு இருந்தவங்க மிக்ஸிய அப்படியே விட்டுட்டு வாஷ்பேசினுக்கு ஓடறாங்க. பாட்டு கேட்டா ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனையே வருதுடிங்கறாங்க. மருந்து ஏத்தி பத்து நாளைக்கு மேல ஆச்சு, அதனால மருந்து வாந்தின்னும் சொல்ல முடியல. அப்பா எல்லாம் பிரமைங்கறார். யாருக்காவது இப்படி ஆயிருக்கா? அடுத்தது வியாழக்கிழமை.

நர்ஸக்கா:
பிரமை கிடையாதும்மா, அப்பாகிட்ட தெளிவா சொல்லுங்க. வார்டுல நிறைய பாத்திருக்கேன். ஆஸ்பத்திரி கேட்டைப் பாத்ததும் வாந்தி எடுக்கறவங்க உண்டு, எங்க யூனிபார்மைக் கடைத்தெருவுல பாத்து குமட்டினவங்களும் உண்டு. வாந்தி பலமா வந்தப்ப கூட இருந்த வாசனை, ருசி, சத்தம் எல்லாத்தையும் உடம்பு அதோட சேத்து முடிச்சு போட்டு வச்சுக்கும், அப்பறம் அதுல ஒண்ணு வந்தாலே போதும். இதுல முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, வழக்கமா குடுக்கற வாந்தி மாத்திரை இந்த மாதிரி முன்கூட்டியே வர்ற குமட்டலுக்கு அவ்வளவா கேக்காது. அதனால வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காம இப்பவே டாக்டர்கிட்ட சொல்லுங்க, பதட்டத்தைக் குறைக்கற மாத்திரை முதல் நாள் ராத்திரியும் அன்னிக்கு காலைலயும் போடச் சொல்லலாம், வாந்தி மருந்தையும் இன்னும் பலமா மாத்திக் குடுப்பாங்க. வாந்தி அடங்கிட்டா புதுசா முடிச்சு விழறதும் குறையும்.

பாட்டு விஷயத்துக்கு வரேன். 1978-ல அமெரிக்காவுல ஐலீன் பெர்ன்ஸ்டீன்னு ஒரு ஆராய்ச்சியாளர், கீமோ எடுக்கற குழந்தைங்களுக்கு மருந்துக்கு முன்னாடி புது ருசில ஒரு ஐஸ்கிரீம் குடுத்துப் பாத்தாங்க, பின்னாடி மறுபடி கேட்டப்ப நிறைய பேர் அந்த ஐஸ்கிரீமை வேணாம்னுட்டாங்க. அப்பறம் 1987-ல வந்த இன்னொரு ஆராய்ச்சில இதையே திருப்பிப் போட்டாங்க. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவுல பழக்கமில்லாத ஒரு மிட்டாயைக் குடுத்தா வெறுப்பெல்லாம் அந்த மிட்டாய் மேல போயிடுது, வழக்கமா சாப்பிடற சாப்பாடு தப்பிச்சுக்குது. மிட்டாய் பலிகடா. அது சாப்பாட்டுக்குச் செஞ்சதுதான், ஆனா நான் பாத்த வரைக்கும் பாட்டுக்கும் ஒத்து வருது. மருந்து ஏத்தற நாற்காலிக்கு அம்மா வாழ்க்கைல மறுபடி கேக்கவே தேவையில்லாத எதையாவது போடுங்க. சுசீலாம்மாவை வீட்லயே பத்திரமா வைங்க, குமட்டல் இல்லாத நல்ல நாள்ல, நீங்க போன்ல ஏத்திக் குடுத்த லிஸ்ட்ல இல்லாத வேற பாட்டா கேக்கட்டும். லிஸ்ட்ல இருக்கறதை இப்ப தொடவே தொடாதீங்க, கீமோ எல்லாம் முடிஞ்சு மாசங்கள் போனப்பறம் மெதுவா பாக்கலாம்.

இன்னொண்ணு. செவப்பு மருந்து நரம்புக்கு வெளில கசிஞ்சா சதையைப் புண்ணாக்கிடும். ஊசி போட்ட எடத்துல எரிச்சலோ வீக்கமோ இருந்தா உடனே கூப்பிடணும். ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு தூங்கிடாம ஒரு காதுல மட்டும் வைக்கச் சொல்லுங்க.

வெள்ளை ரோஜா:
நர்ஸக்கா சொல்றது சரிதான் ஆனா எல்லாருக்கும் இப்படி ஆகும்னு பயப்படுத்திடாதீங்க ப்ளீஸ், நான் லிம்போமாவுக்கு, அதாவது நிணநீர்ல வர்ற கேன்சருக்கு, கீமோ எடுத்தவ, எனக்குப் பிடிச்ச பாட்டு மட்டும் இல்லைனா அந்த நாற்காலில அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கவே முடிஞ்சிருக்காது, அதே பாட்டை இன்னிக்கும் கேக்கறேன் ஒண்ணும் ஆகல. எனக்கு வாந்தி கம்மி, அதுகூட காரணமா இருக்கலாம். காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் போடறாங்களே, 2021-ல புற்றுநோய்க்காரங்களுக்கு இசை எவ்வளவு உதவுதுன்னு 81 ஆராய்ச்சிய சேத்துப் பாத்திருக்காங்க. பெரியவங்களுக்கு பதட்டம், வலி, அசதி குறையலாம்னு வந்திருக்கு, ஆதாரம் ரொம்ப பலம்னு சொல்லல, பாட்டு கேட்டா கேன்சர் சரியாயிடும்னு வாட்ஸப்ல வர்றதெல்லாம் நம்பாதீங்க.

எனக்கு அதிகமா பாட்டு தேவைப்பட்டது ராத்திரிலதான். கீமோவோட குடுக்கற ஸ்டீராய்டு போட்ட ரெண்டு நாள் தூக்கமே வராது, வீடே தூங்கும், நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சுட்டு இருப்பேன். வரி இருக்கற பாட்டெல்லாம் அப்ப வேணாம், பழைய தத்துவப் பாட்டு ஏதாவது மாட்டிச்சுன்னா விடியற வரைக்கும் அதையே யோசிச்சு அழவேண்டியதுதான். புல்லாங்குழல், வீணை அந்த மாதிரி போட்டு டைமர் வச்சுடுவேன்.

நெல்லை சீமை:
எங்கப்பா கதை கொஞ்சம் வேற. அவருக்கு நாக்குல கேன்சர், ரேடியேஷனும் வாரம் ஒருதடவை சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்தும் சேத்துக் குடுத்தாங்க. ரேடியேஷனுக்கு மூஞ்சிக்கு வலை மாதிரி மாஸ்க் செஞ்சு மேஜையோட மாட்டிடுவாங்கல்லா, முதல் நாள் மனுசன் நடுங்கிட்டாரு. உள்ள ஸ்பீக்கர் இருக்கு, என்ன பாட்டு வேணும்னு அங்க இருந்த தம்பியே கேட்டான். அப்பா எழுதிக் காமிச்சது ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல வாசிச்ச தோடி ராகம். அந்தப் பையன் கேள்விப்பட்டதே இல்ல, ஆனா தேடி எடுத்துப் போட்டான். உள்ள இருக்கறது பத்து பதினஞ்சு நிமிசம், ஆலாபனைல பாதி கூட வராது, மிச்சத்தை வீட்டுக்கு வந்து கேப்பாரு. இதுக்காகவே மறுநாள் கிளம்புவாரு.

கொஞ்ச நாள் கழிச்சு வீட்ல காருகுறிச்சியார் நாதஸ்வரம் போட்டிருந்தோம், தாளம் போடறவன் எங்கலே போனான்னு கேக்காரு. எங்களுக்கு ஜால்ரா கணீர்னு கேக்குது, அவருக்கு நாதஸ்வரம் மட்டும்தான். டாக்டர்கிட்ட சொன்னதும் காது டெஸ்ட் எடுத்தாங்க. சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்குமாம், கீச்சுன்னு உயரமா இருக்கற சத்தம்தான் முதல்ல போகும், பேச்சு நல்லா கேக்கறதால யாரும் கண்டுக்க மாட்டாங்க. போனது போனதுதான், ஆனா மேல போகாம மருந்தை மாத்தினாங்க. சிஸ்பிளாட்டின் போடறவங்க காதுல ரீங்காரம் இருந்தாலோ பாட்டுல ஏதாவது குறைஞ்ச மாதிரி இருந்தாலோ வயசாயிடுச்சுன்னு விட்டுராதீங்க. தங்கச்சி, உங்க அம்மாவுக்கு அந்த மருந்து இல்ல, நீங்க பயப்பட வேணாம்.

தஞ்சாவூர் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன், மாத்திரை மாத்தி எழுதறேன்னார். அப்பா நர்ஸக்கா எழுதினதை ரெண்டு தடவை படிச்சுட்டு ஒண்ணும் பேசல, போய் பக்கத்து வீட்ல டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வந்தார். பலிகடாவுக்கு எதைப் போடலாம்னு அம்மாகிட்ட கேட்டா யோசிக்கவே இல்ல, அத்தை பாக்கற சீரியலோட டைட்டில் பாட்டாம். அது போனா போகட்டும்னு ஒரே சிரிப்பு. முடி கொட்டினதுலேர்ந்து ஹெட்போன் தலைல உறுத்துதுங்கறாங்க, அதுக்கு என்ன பண்ணலாம்?

வெள்ளை ரோஜா:
மெல்லிசா காட்டன் தொப்பி போட்டு மேல மாட்டச் சொல்லுங்க. காதுக்குள்ள வைக்கறதுன்னா அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிடுங்க, வெள்ளை அணு குறையற நேரம், கிருமி சுலபமா தொத்திக்கும், அடுத்தவங்களோடத மாத்தி மாத்தி வைக்க வேணாம். சீரியல் பாட்டு சூப்பர் 😂 அத்தைக்குத் தெரியாம பாத்துக்கோங்க.