கமாண்டர் மாமாவின் பதக்கங்கள்: பலகையில் என்ன எழுதுவது?

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கடற்படை அதிகாரியாக இருந்த நம் கமாண்டர் மாமாவின் நினைவாகப் பள்ளிக்கூடத்தில் வைக்கப்போகிற பலகை பற்றி வந்த மடல்களைப் படித்தேன். "எட்டு வீரப் பதக்கம் வாங்கியவர்" என்று குவைத் தம்பி எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவையே தூக்கிக் கொடுத்துவிட்டார்! மாமா இருந்திருந்தால் பதில் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் தேடியிருப்பார். பரம்வீர் சக்ரா வாங்கியவர்கள் 21 பேர்தான். அதில் கடற்படைக்காரர் ஒருவர்கூட இல்லை. 1971 பாகிஸ்தான் போரில் குக்ரி போர்க்கப்பலை விட்டு இறங்காமல் அதோடு மூழ்கிப்போன கேப்டன் முல்லாவுக்கே அதற்கு அடுத்த படியான மகாவீர் சக்ராதான். பிள்ளைகள் தினமும் படிக்கப்போகிற இடத்தில் நாம் கதை அளக்கக் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை பீரோவைத் திறந்து அந்த வரிசையைக் கையில் கொடுத்தார்கள். எட்டும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மாமாவின் பெயரும் அன்றைய பதவியும் பொறித்திருக்கிறது. ஒன்றில் லெப்டினன்ட், இன்னொன்றில் லெப்டினன்ட் கமாண்டர். நமக்கு இடது ஓரமாகத் தெரிவதுதான் எல்லாவற்றிலும் மதிப்பில் பெரியது. குத்திக்கொள்ளும்போது அது நெஞ்சின் நடுப்பக்கமாக வரும்.

அந்த முதலாவது, நவ்சேனா பதக்கம், அதாவது கடற்படைப் பதக்கம். 1960-ல் ஏற்படுத்தியது. கருநீல நாடா, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. துணிச்சலான காரியத்துக்கும் தருவார்கள், கடமையில் காட்டிய தனி ஈடுபாட்டுக்கும் தருவார்கள். மாமாவுடையது இரண்டாவது வகை. எட்டில் இந்த ஒன்றுதான் ஆளைப் பார்த்துக் கொடுத்தது. மற்ற ஏழும், அந்தந்த இடத்தில் அந்தந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்தவை. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த ஏழும்தான் பெரிசு. மனுஷர் எங்கெல்லாம் கிடந்தார் என்பதை அவைதான் சொல்கின்றன.

பூர்வி ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 போரில் கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்கானது. மாமா அப்போது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில், இன்ஜின் பிரிவில். கப்பலில் நான்கு கொதிகலன்கள். ஒன்றில் விரிசல். அதை அணைத்து வைத்துவிட்டு மூன்றை மட்டும் நம்பி வங்கக் கடலுக்குக் கிளம்பினார்கள். இதில் என்ன சிக்கல் என்றால், விமானம் கிளம்பக் கப்பல் எதிர்காற்றில் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். காற்றும் இல்லை, நீராவியும் போதவில்லை என்றால் ஸீ ஹாக் விமானங்கள் மேல்தளத்தில் சும்மா நிற்க வேண்டியதுதான். டிசம்பர் 4 அன்று அந்த விமானங்கள் கிளம்பிப் போய் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின, அப்புறம் சிட்டகாங். கீழே கொதிகலன் அறையில் வெந்துகொண்டிருந்தவர்கள் இதில் எதையும் பார்க்கவில்லை. "சண்டையை நான் எங்கே பார்த்தேன், பிரஷர் கேஜ் முள்ளைத்தான் பார்த்தேன்" என்பார் மாமா.

அதற்கு முன்னால் நடந்த கூத்து பலருக்குத் தெரிந்திருக்கும். விக்ராந்தைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வருகிறது என்று தெரிந்ததும், கிழக்குக் கடற்படைக்குத் தலைவராக இருந்த தமிழரான வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், கப்பல் சென்னைக்கு வரப்போவதுபோல மளிகை சாமான்களுக்கெல்லாம் ஆர்டர் கொடுத்துச் செய்தியைக் கசியவிட்டார். நிஜ விக்ராந்த் அந்தமானில் ஒளிந்திருந்தது. காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி மூழ்கிப்போனது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரக்ஷா பதக்கம் 1965 போர்க்காலத்தில் சேவையில் இருந்ததற்கு. சங்க்ராம் பதக்கம் அதேபோல 1971 போர்க்காலத்துக்கு. சைன்ய சேவா பதக்கத்தில் 'அந்தமான் நிக்கோபார்' என்று ஒரு சின்னப் பட்டை இருக்கிறது, போர்ட் பிளேரில் இருந்த காலத்துக்காக. சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் 1972-ல் சேவையில் இருந்த எல்லோருக்கும். கடைசி இரண்டும் 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவைக்கு.

இவ்வளவு இருந்தும், நம்மூரில் பாதிப் பேர் அவர் சிங்கப்பூர் கப்பலில் வேலை பார்க்கிறார் என்றே நினைத்திருந்தார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலும் அப்புறம் சிதம்பரம் கப்பலும் சிங்கப்பூருக்குப் போய்வந்த காலம் அது. லீவில் வந்தால் கோடாலித் தைலம் எங்கே என்று கேட்பார்களாம். மாமாவும் மறுக்காமல் பம்பாயில் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்.

ஊரில் இருப்பவர்கள் யாராவது அத்தையிடம் பக்குவமாக ஒன்று சொல்ல வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குபோல இவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறார்கள். நவ்சேனா பதக்கம் வெள்ளி, கறுக்கத்தான் செய்யும். இரண்டு பதக்கங்களில் விளிம்பு எழுத்து மழுங்கிவிட்டது. மெத்தென்ற உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பலகைக்கு நான் நினைப்பது இதுதான். மாமாவின் பெயர். அடுத்த வரியில்: "கமாண்டர் (ஓய்வு), பொறியியல் பிரிவு, இந்தியக் கடற்படை. நவ்சேனா பதக்கம் பெற்றவர். 1971 போரில் ஐ.என்.எஸ். விக்ராந்தில் பணியாற்றினார்." அதற்குக் கீழே மற்ற ஏழும் சின்ன எழுத்தில், எது எதற்கு என்ற ஒரு வரியோடு. 'வீரத் திருமகன்', 'டெல்டாவின் சிங்கம்' எதுவும் வேண்டாம். கிரானைட்டில் வெட்டினால் நல்லது. ஃபிளெக்ஸ் என்றால் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது.

சீருடையில் நல்ல படம் ஒன்று வேண்டும். மெல்போர்ன் அக்கா கல்யாணத்துக்கு மாமா வெள்ளைச் சீருடையில் வந்ததாக அத்தை சொன்னார்கள், ஆல்பத்தில் தேடிப் பாருங்கள் அக்கா. நன்கொடை கொடுத்தவர்கள் படமும் சங்க நிர்வாகிகள் படமும் அந்தப் பலகையில் வராது என்று போன கூட்டத்தில் பேசியதை, பிற்பாடு தகராறு வராமல் இருக்க, இப்போதே எழுத்தில் போட்டுவிடுகிறேன்.