குறுங்குழல் போர்த் துப்பாக்கிகளுக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு?

கேள்வி (செங்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். போன்ற நெடிய படைத் துப்பாக்கிகளின் குழலைக் குறைத்துச் செய்த வடிவங்களைப் படத்தில் பார்த்தாலே கண் அங்கேயே நின்றுவிடுகிறது. தோற்றத்தைத் தவிர உண்மையான பயனும் உண்டா?

மறுமொழி (கொழிஞ்சாம்பாறை, முன்னாள் படைவீரர்):
உண்டு தம்பி. 1944இல் உற்பத்திக்கு வந்து, காட்டுக் கார்பைன் (கார்பைன் என்றால் குட்டையான துப்பாக்கி) என்று பெயரெடுத்த ஐந்தாம் எண் லீ என்ஃபீல்டில், 640 மி.மீ. குழல் ஏறத்தாழ 480 மி.மீ. ஆகக் குறைந்து, எடையும் வெகுவாக இறங்கியது. ஆரியங்காவு மலைச்சரிவின் அடர்ந்த ஈற்றைக்காட்டுக்குள் (மெல்லிய மூங்கில் வகை) நீண்ட துப்பாக்கியோடு நடப்பதை எண்ணிப் பாருங்கள், அதன் அருமை விளங்கும். ஆனால் தோட்டா நெடிய துப்பாக்கியில் போடும் அதே .303 அங்குல வகைதான். வெடிமருந்து குட்டைக் குழலுக்குள் முழுவதும் எரிந்து முடியாமல் குழல்வாயில் தீப்பிழம்பு வீசும் என்பதால், முனையில் கூம்பு வடிவ மறைப்பைப் பொருத்தினார்கள். தோளில் பதியும் அடிக்கட்டையின் ரப்பர் பட்டை குறுகலானது. உதைப்பு முழுவதும் தோளில் ஒரே இடத்தில் இறங்கும்.

மறுமொழி (சித்தூர்):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் மீள்சுருள் (சுட்டதும் பின்னே போகும் உறுப்பை முன்னே தள்ளும் சுருள்வில்) அடிக்கட்டைக்குள் இருப்பதால் அதை மடிக்க வழியில்லை. பாராசூட் வீரர்களுக்கான வடிவத்தில் அந்தச் சுருளை மேல்மூடிக்குள் மாற்றிய பிறகே கட்டையை மடிக்க முடிந்தது. என்னை ஈர்ப்பது குழல் குட்டையாக இருப்பதை விட இந்தப் பொறியியல் நுட்பமே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. சுருள் இடம் மாறிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது.