‘ரிக் ஷாட்’டுக்குத் தமிழ்: விரைவுப்படம் வேண்டாம், உடனோடி வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

காரிலேயே ஒரு கழியைக் கட்டி, அதன் முனையில் கேமராவை மாட்டி, கார் நகர நகர எடுக்கும் படத்துக்கு ‘ரிக் ஷாட்’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்குப் பதினொரு பதில்கள். அவற்றில் நான்கு, கேள்வியை விட்டுவிட்டு, செல்ஃபிக்குத் தாமியா தம்படமா என்ற பழைய வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டன. அது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்கும், நடக்கட்டும். மற்றவற்றுக்கு இங்கே பதில்.

> ஓடுகிற காரைப் படமெடுப்பதுதானே? ‘விரைவுப்படம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

விரைவே இல்லாததுதான் குறை, ஐயா. நடந்ததைச் சொன்னால் விளங்கும். என் பழைய பிரீமியர் பத்மினி காரை நானே ஓட்டிக்கொண்டு போவதுபோல என்னையே படமெடுக்க வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூரியன் எழுமுன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆளில்லாத தெரு. கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடிகளைத் தூக்கப் பயன்படுத்தும் ரப்பர்க் கிண்ணக் கைப்பிடி இரண்டை இரவல் வாங்கி, பானெட்டை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, அழுத்தி ஒட்டினேன். துடைக்காமல் ஒட்டினால் தூசி காற்றை உள்ளே விடும், பத்து நிமிடத்தில் கிண்ணம் கழன்றுவிடும். அவற்றில் எட்டடி அலுமினியக் குழாயை இறுக்கி, அது முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கேமராவை என் முகம் பார்க்கத் திருப்பி மாட்டினேன். குழாய் கழன்றாலும் கேமரா தரையில் விழாதபடி ஒரு கயிறு.

எஞ்சினை அணைத்துவிட்டேன். போட்டுப் பார்த்த முதல் படத்தில் அதிர்வால் விளக்குகளுக்கெல்லாம் இரட்டை விளிம்பு விழுந்திருந்தது. ஆகவே கியரை நியூட்ரலில் வைத்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நண்பர் பின்னாலிருந்து தள்ளினார். நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர். கோயில் தேர் இதைவிட வேகமாகப் போகும். ஷட்டர் 2 நொடி திறந்திருந்தது. அந்த 2 நொடி தலையை ஆட்டாமல், மூச்சை அடக்கி, நூறில் போகிறவன்போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான்.

கார் 2 மீட்டர் நகர்ந்தது. அந்தக் காரின் சக்கரம் ஒரு சுற்று சுற்றி முடிக்க அதற்குச் சற்றுக் குறைவான தூரம் போதும். ஆகவே சக்கரம் முழுவதும் கரைந்துபோயிற்று, சாலையோரச் சுவரும் மரங்களும் கோடுகளாக இழுபட்டன. கேமரா காரோடு சேர்ந்தே நகர்ந்ததால் காரும் நானும் மட்டும் தெளிவு. இதே காரை மணிக்கு 72 கிலோமீட்டரில் விட்டு, ஷட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்கு திறந்தாலும் அது நகரும் தூரம் அதே 2 மீட்டர்தான், கோடுகளின் நீளமும் ஏறக்குறைய அதேதான். படத்துக்குத் தெரிவது தூரம் மட்டும். வேகத்தைப் பார்க்கிறவர் தன் மனத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

> அப்படியானால் இது ஏமாற்று. ‘போலியோட்டம்’ என்று உள்ளதைச் சொல்லலாமே?

தொழிலில் இருப்பவர் தன் தொழிலைப் போலி என்று ரசீதில் எழுத மாட்டார், அம்மா. தவிர, 2 மீட்டர் நகர்ந்தது உண்மை. தள்ளியவரைக் கேளுங்கள்.

> கழியில் மாட்டுவதால் ‘கழிப்படம்’.

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. கழி என்றால் கம்பு, கழி என்றால் நீக்கு. முடிவில் கணினியில் அந்தக் கம்பை நீக்கிவிடுகிறோம் என்பதால் சிலேடைகூடப் பொருந்துகிறது. ஆனால் அச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. அதை நினைத்துக்கொண்டு எந்தத் திருமணக் கார் ஊர்வலத்தையும் என்னால் படமெடுக்க முடியாது. ‘பிணைப்படம்’ என்ற இன்னொரு பரிந்துரையில் தட்டச்சில் ஓர் எழுத்து நழுவினால் என்ன ஆகும் என்பதை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘துலாப்படம்’ நல்ல சொல். ஏற்றம் இறைத்தவர்களுக்குத் துலாவின் நீட்டமும் அசைவும் கண்ணில் வரும். அதனாலேயே அதைக் கிரேன் காட்சிக்கு விட்டுவைக்க வேண்டும் என்கிறேன். இங்கே குழாய் அசைந்தால் படம் போயிற்று.

என் தேர்வு ‘உடனோடிப் படம்’. முன்னோடி இருக்கிறது, வானோடி இருக்கிறது, அந்த வரிசையில் உடனோடி. படத்தின் உயிர் கம்பிலும் இல்லை, வேகத்திலும் இல்லை. கேமரா காரோடு உடன் போகிறது, அதுதான் உயிர். ‘பேனிங்’ படத்திலிருந்தும் இது பிரிந்துவிடும். பேனிங்கில் ஆள் சாலையோரம் நின்றபடி கேமராவை வண்டியோடு வீசித் திருப்புகிறார். பிரான்சின் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தில் ழாக் ஆன்றி லார்டீக் என்ற புகைப்படக்காரர் இளம் வயதில் எடுத்த படத்தைப் பாருங்கள். சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டையாகவும், நின்றிருந்த மனிதர்கள் பின்னால் சாய்ந்தும் இருப்பார்கள். அந்தக் கேமராவின் ஷட்டரில் இருந்த குறுகிய பிளவு செங்குத்தாக நகர்ந்துகொண்டிருக்கையில், கேமராவும் காரைவிடச் சற்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் வந்த கோணல் அது. அதை ‘வீச்சுப்படம்’ என்போம். கார் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். உடனோடியில் இரண்டும் ஒரே வண்டி.

> உடனோடி என்றால் உடன்போக்குதான் நினைவுக்கு வருகிறது. பாலைத்திணையில் காதலனோடு ஊரைவிட்டுப் போனவள்!

பேராசிரியர் ஐயா தடையாகச் சொன்னதை நான் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். கேமரா முக்காலியை விட்டுவிட்டுக் காரோடு போய்விட்டது. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

பக்கத்தில் இன்னொரு காரில் போய் எடுப்பதும் உடனோடிதானே என்று ஒருவர் கேட்டது நியாயம். அதற்குத் ‘துணையோட்டப் படம்’ என்று தனியாக வைக்கலாம். கேமரா காரிலேயே கட்டப்பட்டிருந்தால் மட்டும் உடனோடி. மாட்டும் குழாய், கிண்ணங்கள் எல்லாம் சேர்ந்து ‘உடனோடிக் கட்டு’. என்னுடையது உடனோடித் தம்படம். தாமிக் கட்சியினர் மன்னிக்க.

மீதி ஒரு சொல்தான். குழாயைக் கழற்றிய பின், கார் நின்ற நிலையில், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துவைப்போம். முதல் படத்தில் குழாய் மறைத்த பானெட்டை இதிலிருந்து வெட்டி ஒட்டுவதற்காக. ஸ்டூடியோக்களில் ‘கிளீன் பிளேட்’ என்கிறார்கள். ‘ஒட்டுப்படம்’ என்று எழுதிப் பார்த்தேன், செடிக்கு ஒட்டுக் கட்டுவதுபோல் இருக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.

வரும் ஞாயிறு மறுபடி எடுக்கப் போகிறேன். போன முறை தள்ளியவரின் வெள்ளை வேட்டி, பக்கத்துக் கண்ணாடியின் குரோம் முதுகில் கொடிபோல் பறக்கிறது, எவ்வளவு அழித்தும் போகவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் கைகொடுக்க வந்தால் மகிழ்ச்சி, கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
பத்மினிக்காரன்