சின்ன தையல் யூனிட்டில் ஆள் நிற்பதே இல்லை, எதை மாற்றலாம்?

பனியன்காரன்:
வணக்கம். திருப்பூரில் அப்பா நடத்திய ஜாப் ஒர்க் யூனிட்டை (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து 22 பேர், அதில் 9 பேர் ஒடிசாக்காரர்கள். கூலி அக்கம்பக்கத்து யூனிட்டுகளை விடக் குறைவில்லை. ஆனாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை, மற்றவர்களும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். சூப்பர்வைசர் அப்பா காலத்து ஆள், வேலை அத்துப்படி, ஆனால் சத்தம் போடாமல் பேச வராது. டூர் கூட்டிப் போ, பிறந்தநாளுக்கு கேக் வெட்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். லைனில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் சொன்னால் நல்லது.

செக்கிங் அக்கா:
தம்பி, கேக் எல்லாம் அப்புறம். புது மாடல் தையலுக்கு லைனில் ஏறும்போதே பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி என்று சொல்லிவிடுகிறீர்களா? நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் வாயால் ஒரு ரேட் சொல்லிவிட்டு, சம்பளத்தன்று "ஆர்டர் கொடுத்த பார்ட்டி குறைச்சுட்டாங்க" என்று வேறு ரேட் போட்டார்கள். திங்கட்கிழமை மூன்று டெய்லர்கள் வரவில்லை, போன் போட்டாலும் எடுக்கவில்லை. சம்பளமும் சனிக்கிழமை சாயங்காலமே கைக்கு வர வேண்டும். ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார வைத்தால் எப்போது மளிகை வாங்கி எந்த பஸ் பிடிப்பது? அப்புறம் பாத்ரூம். உள்தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள டப்பா, இவ்வளவுதான் கேட்கிறோம். இது இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிறோம், ஓனர்களுக்கு இது தெரிவதே இல்லை.

கட்டிங் டேபிள்:
நானும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ரேட், சம்பள விஷயத்தில் அக்கா சொல்வது சரி. ஆனால் கெடுபிடி இல்லாமல் ஷிப்மெண்ட் போகாது. சூப்பர்வைசர் அதட்டுவதை நிறுத்தினால் ஆல்ட்டர் (தப்பாகத் தைத்துத் திரும்பி வரும் பீஸ்) ஏறிவிடும்.

ஓவர்லாக்:
அண்ணா, நேர்மாறுங்க. ஊசி மழுங்கித் துணியில் ஓட்டை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நாலு பேர் முன்னால் திட்டு விழும் என்று தெரிந்தால் அந்த பீஸை பண்டலுக்கு அடியில் சொருகிவிட்டு அடுத்ததைத் தைப்பார்கள். செக்கிங்கில் பிடிபடுவதற்குள் பண்டல் பண்டலாகப் போயிருக்கும். பயமில்லாத லைனில் முதல் பீஸிலேயே "ஊசி மாத்தணும்" என்று கை தூக்கிவிடுவார்கள். ஒடிசாப் பையன்களுக்குத் தமிழில் கத்தினால் வார்த்தை புரியாது, முகம் மட்டும்தான் புரியும். அவர்களிலேயே தமிழ் பேசும் ஒரு மூத்த ஆளைப் பேசிச் சொல்ல வையுங்கள், அதற்குத் தனியாகக் கூலியும் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது டிக்கெட்டுக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
22 பேர் என்றால் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுமே உண்டு. இஎஸ்ஐக்கு 10 பேர் போதும், பிஎஃப்புக்கு 20. இஎஸ்ஐயில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. பிடித்தம் செய்தால் யுஏஎன் என்கிற பிஎஃப் கணக்கு நம்பரையும் இஎஸ்ஐ கார்டையும் அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள், பிடித்த காசு எங்கே போகிறது என்று தெரியாமல் வருகிற கசப்பு பெரியது. இன்னொன்று, 2013-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேர் இருந்தாலே உள்ளகப் புகார் குழு வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சத்தம் போடுவது வேறு, இரட்டை அர்த்தத்தில் பேசுவது வேறு. இரண்டாவதற்குப் புகார் சொல்ல ஒரு இடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

பனியன்காரன்:
நன்றி. இந்த வாரமே ரேட்டை போர்டில் எழுதி மாட்டிவிடுகிறேன். சூப்பர்வைசர்தான் கவலை. நான் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வாரோ?

செக்கிங் அக்கா:
லைனில் வைத்துச் சொல்லாதீர்கள், தம்பி. தனியாக, முடிந்தால் அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். சூப்பர்வைசர்களில் பாதிப் பேருக்கு மெஷின் சத்தத்தை மீறிக் கூப்பிட்டுப் பழகியே தொண்டை ஏறிவிட்டது. அந்தக் கோடியிலிருந்து கத்தாமல், டெய்லர் பக்கத்தில் போய் நின்று, பீஸைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். வேலை தெரிந்த ஆள் என்கிறீர்களே, அவருக்கு அது வரும்.