மலை இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போகிறது (கேம்பர் வேன்)

கோவை_கேம்பர்:
வணக்கம். பழைய 17 சீட் வேனில் கட்டில், அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணீர் டேங்க் வைத்து ஓட்டுகிறேன். மழைக்காலம் முழுக்க ஷெட்டில்தான் நிற்கும். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது, 40 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியதும் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. ஓரங்கட்டி ஆறவிட்டதும் பழையபடி சரி. கசிவு எங்கும் இல்லை. பிரேக் பேடு (சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

டீசல்பிரியன்:
இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்தபடி இருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் உருளை) போச்சு.

பொள்ளாச்சி_பட்டறை:
பேடை விடுங்க தம்பி. பேடு சூடாகிப் பிடிப்பு விட்டால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. உங்களுக்குப் பெடலே உள்ளே போகுது, ஆறினதும் திரும்புது. பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாகியிருக்கு. ஆவியை மிதிச்சால் அது அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஓடாமல் நின்றாலும் இழுக்கும். டாட் 3 (பிரேக் ஆயில் தரத்தில் ஒண்ணு) புதுசாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 தாங்கினாலே போதும் என்பதுதான் அளவுகோல். மலை இறக்கத்தில் அது காணாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க, கிலோமீட்டர் பார்க்காதீங்க.

மாத்தும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிங்க. சக்கரத்துப் பக்கம் பழைய ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ஒளி தெரியும் ட்யூப் மாட்டி, டிக்காஷன் நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விடணும். நடுவில் மேலே இருக்கற ஆயில் டப்பா வற்றவே கூடாது, வற்றினால் காற்று ஏறிடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊத்துங்க. போன வருஷம் திறந்து வெச்ச பாட்டில் மிச்சத்தை ஊத்தாதீங்க, அதுக்கு மாத்தாமலே இருக்கலாம்!

அப்புறம் சமதளத்தில் ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்துப் பக்கத்திலும் கை காட்டிப் பாருங்க. ஒண்ணு மட்டும் அனலடிச்சால் காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) பின் இறுகியிருக்கும், இல்லை ஹோஸ் உள்ளே ஊதியிருக்கும். இறங்கும்போது டேங்கைக் காலி பண்ணிடுங்க, 100 கிலோ குறையும். செகண்ட் கியருக்கு மேல் போடாதீங்க.

கோவை_கேம்பர்:
நன்றிங்கண்ணா. மிதித்துப் பார்த்தேன், பெடல் இறங்கவில்லை. டப்பாவில் ஆயில் கறுத்திருக்கிறது. டாட் 5 இன்னும் சூடு தாங்குமாமே, ஊற்றலாமா?

பொள்ளாச்சி_பட்டறை:
கூடாது. டாட் 5 சிலிகான், பழைய ஆயிலோடு கலக்காது. மூடியில் டாட் 3 போட்டிருந்தால் டாட் 4 தாராளமாக ஊத்தலாம். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) இருக்கா? இருந்தால் ஸ்கேனர் வெச்சிருக்கற இடத்துக்குப் போங்க.

கோவை_கேம்பர்:
ஏபிஎஸ் இல்லைங்கண்ணா. ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.